மூன்றாவது ஆளின் நேரம்

கார்த்திகை 1, திங்கள்

உலக மக்கள் அனைவருக்கும், குறிப்பாக எங்கள் தெருவில் வசிக்கும் நான்கு நாய்களுக்கும், மிகுந்த பொறுப்புடன் தெரிவிப்பது: இன்று அதிகாலை ஐந்தே காலுக்கு, சுருளிநாதன் ஆகிய நான், யாரும் அடிக்காமலும் யாரும் துரத்தாமலும் பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளித்தேன். சாட்சி என் அம்மா. வாளிக்குள் கையை விட்டு, வெந்நீர் கலக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டாள். பிறகு என் நெற்றியையும் தொட்டுப் பார்த்தாள்.

குளித்த ஈரத்தோடு சபரிமலைக்கு மாலை போட்டாயிற்று. கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டு, கழுத்தில் துளசி மணி. கண்ணாடியில் பார்த்தால் எனக்கே கும்பிடத் தோன்றுகிறது.

பிளஸ் டூ படிக்கும் பையன் திடீரென்று பக்திமான் ஆவதற்கு வலுவான காரணம் வேண்டும். என் காரணத்தின் பெயர் செல்லையா சார், எங்கள் பி.டி. வாத்தியார். மார்கழி 20, ஞாயிற்றுக்கிழமை, கம்பம் ஊருக்குப் பக்கத்தில் மூவர் நெடுந்தூர ஓட்டம் நடக்கிறது. பதினைந்து கிலோமீட்டர். ஓர் அணிக்கு மூன்று பேர். மூன்று பேரும் ஓடி முடிக்க வேண்டும். மூன்றாவது ஆள் கோட்டைத் தாண்டும் நேரம்தான் அணியின் நேரம். முதல் ஆள் ராக்கெட்டில் போனாலும் பயனில்லை. எங்கள் பள்ளி அணியில் தவசியும் யாசினும் இருக்கிறார்கள். இருவரும் என் கூட்டாளிகள். மூன்றாவதாக இருந்தவனுக்கு மஞ்சள் காமாலை. போன வாரம் சார் என்னைக் கைகாட்டினார். பள்ளிக்கூடச் சுவரேறிக் குதித்து நான் ஓடும் வேகத்தை மூன்று தடவை கண்ணால் பார்த்தவர் அவர்.

பயிற்சிக் குறிப்பு எழுதச் சொல்லி, உரக்கடையில் கொடுத்த பழைய டைரியை ஆளுக்கு ஒன்றாகத் தந்தார். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், என்ன சாப்பிட்டாய் என்று எழுத வேண்டும். சார் எதையும் திரும்ப வாங்கிப் படிப்பதில்லை என்பது பள்ளிக்கே தெரியும். ஆகவே தைரியமாக எழுதுகிறேன். இப்போது சாமி ஆகிவிட்டதால் ஆங்கிலத் தேதியை அடித்துவிட்டுத் தமிழ்த் தேதி போட்டிருக்கிறேன்.

திட்டத்தின் அழகு இது. மாலை போட்டவர் காலில் செருப்புப் போடக் கூடாது. செருப்பே கூடாது என்றால் ஷூ எங்கே வரும்? ஷூ இல்லாமல் பதினைந்து கிலோமீட்டர் யார் ஓடச் சொல்வார்கள்? மேலும் மாலை போட்டவரை அடிக்கக் கூடாது, வையக் கூடாது, 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். இப்படி ஒரு பாதுகாப்பு மந்திரிகளுக்குக்கூடக் கிடையாது.

மாலையைப் போட்டுவிட்டவர் மாயன் குருசாமி, தவசியின் அப்பா. பத்தொன்பது வருடமாக மலைக்குப் போகிறவர். மற்றபடி, ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கேரள மலைக்கு ஜீப் ஓட்டுகிறார். இரண்டு வேளை குளியல், கவிச்சி கூடாது, தரையில் படுக்கை, பொய் சொல்லக் கூடாது என்று வரிசையாகச் சொன்னார். கடைசி விதியைச் சொல்லும்போது மட்டும் என்னை ஏன் அவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியவில்லை.

கார்த்திகை 2, செவ்வாய்

செல்லையா சார் என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். பதிலுக்கு ஆசி வழங்கலாமா என்று நான் யோசிப்பதற்குள் பேசிவிட்டார்.

“வெறுங்கால்ல ஓடுறதுதான் சாமி நல்லது. பாதம் கெட்டிப்படும். காலையில அஞ்சரைக்கு வாய்க்கால் கரைக்கு வந்துருங்க.”

மாலை போட்டதில் காலையும் போயிற்று, மாலையும் போயிற்று.

கழற்றிவிட்டால் என்ன ஆகும் என்று அம்மாவிடம் ஜாடையாகக் கேட்டேன். அவள் அதற்குள் போடி, சின்னமனூர், திருப்பூர் வரைக்கும் சொந்தக்காரர்கள் அனைவருக்கும் போன் போட்டு, தன் மகன் திருந்திவிட்டதாகச் சொல்லி முடித்திருந்தாள்.

கார்த்திகை 4, வியாழன்

தூரம்: இரண்டரை கிலோமீட்டர். நேரம்: மறைக்கப்பட்டுள்ளது. சாப்பிட்டது: இரண்டு இட்லி, ஓடும்போது ஒரு கொசு.

வாய்க்கால் கரையில் ஒரு பக்கம் திராட்சைப் பந்தல், மறு பக்கம் வயல், நடுவில் எனக்கென்றே கொட்டிவைத்த சரளைக்கல். தவசி ஓடினால் சத்தமே வராது. பின்னால் வருகிறானா என்று திரும்பிப் பார்த்தால் முன்னால் போய்க்கொண்டிருப்பான். யாசின் பேசிக்கொண்டே ஓடுகிறவன். வாய் நின்றால் காலும் நின்றுவிடும். நான் மூச்சு வாங்கினேன். வாங்கியதை வைத்துக்கொள்ளத்தான் உடம்பில் இடமில்லை.

அவன் பெயர் தவசி. தவம் நான் செய்கிறேன்.

இரண்டு பேரும் மரியாதையில் குறை வைக்கவில்லை. ஒரு வளைவில் யாசின் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “சாமி, கொஞ்சம் காலத் தூக்கி வைங்க சாமி. எருமை மாடு ஒங்களத் தாண்டிப் போயிருச்சு சாமி.”

எருமை உண்மையிலேயே தாண்டித்தான் போயிருந்தது.

கார்த்திகை 7, ஞாயிறு

ஓய்வு நாள். வீட்டில் சாமி இருப்பதால் கறி எடுக்கவில்லை. அப்பா வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு, வாயைக் கழுவி, வாழைப்பழம் தின்று, ஒன்றும் தெரியாதவர்போல வந்து உட்கார்ந்தார்.

அம்மா என்னை நீங்க, வாங்க என்றுதான் பேசுகிறாள். சாமி, தண்ணீர் பிடிச்சு வைங்க. சாமி, ரேசன் கடைக்குப் போயிட்டு வாங்க. சாமி, அந்தப் பாத்திரத்தைக் கொஞ்சம் வெளக்குங்க. வேலை முன்பைவிட இரண்டு மடங்கு. மரியாதைக்குத்தான் அவ்வளவு கூலி.

கார்த்திகை 12, வெள்ளி

தூரம்: ஆறு கிலோமீட்டர். கணக்கு வாத்தியாருக்கு வகுப்பு தொடங்கும் முன்பே விபூதி கொடுத்து, நெற்றியில் நானே பூசியும் விட்டேன். வீட்டுப்பாடம் கேட்கவில்லை. அதற்காக வகுப்பே என்னைக் கும்பிட்டது.

நெருஞ்சி முள் நான்கு. யாசின் எடுத்துவிட்டான். ஒவ்வொரு முள்ளையும் எடுத்து என் கண் முன்னால் காட்டி, இதுக்கு என்ன சாமி பேரு வைப்போம் என்றான்.

கார்த்திகை 17, புதன்

தூரம்: எட்டு. ஓடி முடித்து மதகடியில் காலை நனைத்துக்கொண்டிருந்தபோது தவசி பேசினான். அவன் நான்கு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசுவது வருடத்துக்கு ஒரு தடவை நடக்கும்.

விஷயம் இதுதான். இந்தப் போட்டிக்கு வருடாவருடம் கோவையிலிருந்து ஒரு கல்லூரியின் ஓட்டப் பயிற்சி மாஸ்டர் வருவாராம். முதல் மூன்று இடம் வரும் அணிகளில் ஆள் பொறுக்குவாராம். தேர்வானவனுக்குப் படிப்பும் விடுதியும் சோறும் இலவசம். தவசிக்கு அது வேண்டும். இல்லாவிட்டால் பங்குனியில் பரீட்சை முடிந்த மறுநாளே ஏலத்தோட்டம். அவனுடைய தாய்மாமன் அங்கே கங்காணி. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் எடை போடும் வேலையை இவனுக்காகப் பேசி வைத்திருக்கிறார். ஒருமுறை ஏறிவிட்டால் யாரும் இறங்கிப் படிக்க வந்ததில்லை என்றான் தவசி.

நான், மலை மேலே போனால் எனக்குப் பாயசத்துக்கு ஏலக்காய் அனுப்பு என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அது நல்ல நகைச்சுவை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

கார்த்திகை 24, புதன்

தவசி வரவில்லை.

தாய்மாமன் போன் பண்ணியிருக்கிறார். சனி, ஞாயிறு ஜீப்பில் வந்து இப்போதே வேலையைப் பழகட்டும் என்று கேட்க, மாயன் குருசாமி சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். மார்கழி 20 ஞாயிற்றுக்கிழமை. ஆக, ஓட்டமும் இல்லை, அதற்கான பயிற்சியும் இல்லை.

எனக்கு நிம்மதி. அணி கலைந்தால் நான் ஓட வேண்டியதில்லை. கார்த்திகை ஒன்றாம் தேதி நான் வேண்டிக்கொண்டதும் இதுதான்.

கார்த்திகை 25, வியாழன்

பழக்க தோஷத்தில் ஐந்தரைக்கு வாய்க்கால் கரைக்குப் போய்விட்டேன். யாசினும் வந்திருந்தான். அவனுக்கும் பழக்க தோஷமாம். இரண்டு தோஷங்களும் ஐந்து கிலோமீட்டர் ஓடின.

கார்த்திகை 27, சனி

கலையுலகம் இன்று ஒரு மேதையைக் கண்டது. விவரமாக எழுதியாக வேண்டும்.

மாயன் குருசாமி வீட்டு வாசலில் பந்தல் போட்டு ஏழு மணிக்கு பஜனை. தெருவே கூடியிருந்தது. தவசி காலையில் மலைக்குப் போய்விட்டு ஜீப்பில் திரும்பி வந்து, மூலையில் உட்கார்ந்து தேங்காய் உரித்துக்கொண்டிருந்தான். முகத்தைத் தூக்கவில்லை. சரண கோஷம் ஏற ஏற எனக்குள் ஒரு யோசனையும் ஏறியது.

இடது கால் பெருவிரலில் ஆரம்பித்தேன். எடுத்த எடுப்பில் உடம்பு முழுக்க ஆடினால் நம்ப மாட்டார்கள். விரல், கணுக்கால், முழங்கால் என்று தவணை முறையில் மேலே கொண்டுவந்தேன். தோளுக்கு வரும்போது பக்கத்தில் இருந்த பெண்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். தலைக்கு வந்தபோது மேளக்காரன் எனக்கு ஏற்றபடி அடிக்கத் தொடங்கிவிட்டான். கூட்டாளியின் அப்பாவை 'டேய்' என்று கூப்பிடும் சந்தர்ப்பம் மனிதனுக்கு ஒரு தடவைதான் வாய்க்கும். விடவில்லை.

“டேய் மாயா. பிள்ளையக் கட்டிப் போடாத. ஓட விடு.”

குருசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். உத்தரவு சாமி என்றார். ஓட விட்டுவிடுகிறேன் என்றார். நான் அந்த இடத்தில் மயங்கி விழுந்திருக்க வேண்டும். ஒரு சுற்று கூடுதலாக ஆடியதுதான் தப்பு. அவர் கையை உயர்த்தி மேளத்தை நிறுத்தினார்.

“எத்தனாவது வருவான்? அதையும் சாமி வாயால சொல்லிருங்க.”

மேளம் இல்லாமல் ஆடுவது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். இருநூறு கண்கள். 'மூணுக்குள்ள' என்று சொல்லிவிட்டு விழுந்தேன். விழுந்து கிடக்கும்போதே குருசாமி தெருவைப் பார்த்துச் சொன்னது காதில் கேட்டது. மூன்றுக்குள் வந்தால் பிள்ளை கல்லூரிக்கு, வராவிட்டால் மலைக்கு. சாமி சொன்னதை எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

முகத்தில் தண்ணீர் தெளித்து சோடா கொடுத்தார்கள். இரண்டு கிழவர்கள் என் காலில் விழுந்தார்கள். அதில் ஒருவர் போன ஆடியில் கொய்யாக்காய் திருடியதற்காக என்னைக் கம்பால் அடித்தவர்.

கார்த்திகை 28, ஞாயிறு

யாசின் காலையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டான். நேற்று அருமையான ஆட்டம் சாமி என்றான். பிறகு உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாக விளக்கினான். மூன்றுக்குள் வர வேண்டியது தவசி இல்லை, அணி. அணியின் நேரம் என்பது மூன்றாவது ஆளின் நேரம். மூன்றாவது ஆள் யார்?

நான் சோடாவை இன்னும் கொஞ்சம் குடித்திருக்கலாம்.

மார்கழி 2, புதன்

இன்று காலைப் பயிற்சி பத்து கிலோமீட்டர். சாயங்காலம் பால் வாங்கப் போனேன். நான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு பால் பண்ணை இருக்கிறது. பால் சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால் ஓடி வந்தேன்.

மார்கழி 3, வியாழன்

பால்.

மார்கழி 4, வெள்ளி

பால். தெருமுனையில் பால் பூத் இருக்கும்போது சாமி எதுக்கு அவ்வளவு தூரம் போறீங்க என்று அம்மா கேட்டாள். அந்தப் பசு நல்ல பசு என்றேன். அது பொய் ஆகாது. கெட்ட பசுவை நான் இதுவரை பார்த்ததில்லை.

மார்கழி 6, ஞாயிறு

தூரம்: பன்னிரண்டு. தவசிக்கு ஓடுவதற்கு முன்பே வாந்தி. இரண்டு நாளாக இப்படித்தான் என்றான் யாசின். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான் தவசி.

“சாமி, அன்னைக்கு நெசமாவே வந்துச்சா?”

பொய் சொல்லக் கூடாது என்பது விதி. எனக்கு ஒன்றும் நினைவில்லை என்றேன். அருள் வந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அவன் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினான். அப்பா நம்புறாரு, அது போதும் என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடினான்.

நான் கல்லெறிந்து விளையாடிவிட்டுக் கடைசியாகக் கிளம்பினேன். அதனால்தான் பின்தங்கினேன்.

மார்கழி 13, ஞாயிறு

முழு தூரமும் ஓடிப் பார்த்தோம். மூன்றாவது ஆளின் நேரம் ஒரு மணி பதினாறு நிமிடம். போன வருடம் மூன்றாம் இடம் வந்த அணி ஒரு மணி பதினான்கில் முடித்திருக்கிறது. சார் குறித்துக்கொண்டு, பரவாயில்லை சாமி என்றார். என்னை அவர் பரவாயில்லை என்று சொன்னது ஆறாம் வகுப்புக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. கடிகாரம் பழுதாக இருக்கலாம்.

மார்கழி 18, வெள்ளி

யாசினின் அம்மா மருதாணி அரைத்து டப்பாவில் கொடுத்துவிட்டிருந்தார். பாதத்தில் பூசினால் சூடும் எரிச்சலும் குறையுமாம். அம்மா என் காலை மடியில் வைத்து அப்பினாள். உள்ளங்காலைப் பார்த்ததும் நீங்க, வாங்க எல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது. என்னடா கண்ணு இப்படி வச்சிருக்கே என்றாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டு காலும் கல்யாணப் பெண் கால் மாதிரி சிவந்திருக்கிறது.

மார்கழி 20, ஞாயிறு

மூன்றாம் இடம். ஒரு மணி பதின்மூன்று நிமிடம் ஐம்பது விநாடி. கோவை மாஸ்டர் தவசியின் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக்கொண்டார், வைகாசியில் வரச் சொன்னார். என்னிடம், தம்பி ஏன் ஷூ போடலை என்று மட்டும் கேட்டார்.

கால் எரிகிறது. மீதி நாளை.

மார்கழி 21, திங்கள்

வரலாற்றில் பதிய வேண்டியதை முறையாகப் பதிகிறேன்.

இருபத்தாறு அணிகள். பந்தயம் அருவி ரோட்டில் போய்ப் பாதியில் திரும்பும். சுருளி அருவிக்கு ஓடும் சுருளி என்று மைக்கில் அறிவித்தார்கள். ஷூ போட்ட எழுபத்தேழு பேருக்கு நடுவில் மருதாணிக் காலோடு நான் ஒருவன். மலைக்குப் போகும் வண்டிகளிலிருந்து சாமிகள் என்னைப் பார்த்துச் சரணம் போட்டார்கள். நானும் கையைத் தூக்கினேன். என் இரண்டு கூட்டாளிகளையும் அணைத்துக்கொண்டு, வேகம் கூட்ட வேண்டிய இடத்தில் கூட்டி, குறைக்க வேண்டிய இடத்தில் குறைத்து, யானைக்குப் பாகன் மாதிரி கொண்டுபோனேன்.

பதினோராவது கிலோமீட்டரில் திராட்சைத் தோட்டத்து ஓரமாக மூன்று பேரும் சற்று உட்கார நேர்ந்தது. காரணம் இங்கே தேவையில்லை. முக்கியமானது என்னவென்றால், முதலில் எழுந்தவன் நான். எந்திரிங்கடா என்று கத்தினேன். எழுந்தார்கள். அதற்குப் பிறகு பன்னிரண்டு அணிகளைத் தாண்டினோம். நான்காவதாக வந்த அணி எங்களுக்கு ஒன்பது விநாடி பின்னால். அந்த ஒன்பது விநாடியும் என்னுடையது.

தெருவில் எல்லாரும் சாமி வாக்குப் பலித்தது என்கிறார்கள். வாக்குச் சொன்னதும் நான், பலிக்க வைத்ததும் நான். இரண்டு வேலையையும் ஒரே ஆள் பார்ப்பது எவ்வளவு சிரமம் என்று யாரும் யோசிக்கவில்லை.

மார்கழி 24, வியாழன்

நாளை இருமுடி கட்டு, சாயங்காலம் பஸ். குருசாமி வீட்டில் அரிசி புடைக்கவும் தேங்காய் உருட்டித் தேய்க்கவும் உதவிக்குப் போனேன். தேய்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு சங்கடம் வந்தது. தலையில் நெய்த்தேங்காயும் மனதில் அந்த பஜனை ஆட்டமும் என்று இரண்டு சுமையோடு ஏற முடியுமா? அந்த மனிதர் பத்தொன்பது வருட பக்தியோடு என்னை நம்பிவிட்டார். ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு வந்தது அருள் இல்லை குருசாமி, நான்தான் ஆடினேன் என்றேன்.

அவர் தேங்காயை உரசிப் பார்த்து, இன்னும் நார் இருக்கிறது என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

“அருள் வந்தவுக, ஒத்தக் கண்ணத் தொறந்து யாரு பாக்குறாண்டு பாக்க மாட்டாக சாமி.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. பிறகு ஏன் உத்தரவு என்றீர்கள் என்று கேட்டேன். மச்சினனுக்குக் கொடுத்த வாக்கைத் தானாக மாற்ற முடியாது, சாமி சொன்னால் மாற்றலாம், அந்த மச்சினனும் மாலை போட்டவர்தான் என்றார். மகன் மூலையில் தேங்காய் உரித்த விதத்தைப் பார்த்து, அன்று சாயங்காலம் முழுக்க ஒரு வழி தேடிக்கொண்டிருந்தாராம். நான் வந்து ஆடிக் கொடுத்துவிட்டேன்.

சரி, எத்தனாவது வருவான் என்று எதற்காகக் கேட்டீர்கள்? அதைக் கேட்காமலே அனுப்பியிருக்கலாமே?

“நீங்க பாட்டுக்கு ஆடிட்டுப் போயிருவீக. மூணாவது ஆளு ஓடணும்ல.”

மேதையின் ஆட்டத்துக்கு ஏமாந்த ரசிகர்கள் எத்தனை பேர் என்று கணக்குப் பார்த்தேன். அந்தக் கொய்யாக்காய்க் கிழவரை மட்டும்தான் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

மார்கழி 25, வெள்ளி

இருமுடி கட்டியாயிற்று. பஸ் வந்து நிற்கிறது. இந்த டைரியை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறேன். அதற்கு முன்னால் இருபத்தொன்றாம் தேதியில் எழுதியதைத் திருத்த வேண்டும்.

பதினோராவது கிலோமீட்டரில் உட்கார்ந்தது நான். கால் வலி என்று எழுதினால் யாரும் கேட்கப்போவதில்லை. கால் நன்றாகத்தான் இருந்தது. மரத்துப்போய் மாமாங்கம் ஆகியிருந்தது. எங்களுக்கு முன்னால் ஐந்தாறு அணிகள் போவது தெரிந்தது. உயிரைக் கொடுத்து ஓடியும் நான்காவது வந்தால், அது முழுக்க என்னால் வந்ததாகிவிடும். நடுவழியில் கால் போய்விட்டது என்றால், பாவம் சாமி என்று விட்டுவிடுவார்கள். இவ்வளவு யோசனையும் ஒரு மின்கம்பத்துக்கும் அடுத்த மின்கம்பத்துக்கும் இடையில் வந்தது. அடுத்த கம்பத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

தவசி இருபது அடி முன்னால் இருந்தான். பந்தயம் முழுக்க அவன் என் வேகத்துக்குத்தான் ஓடினான். யானை, பாகன் என்று நான் எழுதியதில் யானை நான், பாகன் அவன். திரும்பி வந்தான். ஐம்பது நாளாகச் சாமி, சாமி என்று கூப்பிட்டவன் முதல் தடவையாகப் பெயரைச் சொன்னான்.

“சுருளி, எனக்கு ஏலக்கா எடை போடவும் வரும்டா. ஒண்ணும் ஆயிராது. முடியலைன்னா சொல்லு, மூணு பேரும் இங்கனயே ஒக்காருவோம்.”

சொல்லிவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். யாசினும் உட்கார்ந்தான். கடிகாரத்தைத் திருப்பி உள்பக்கமாக வைத்துக்கொண்டான். எங்களைத் தாண்டி அணி அணியாக ஓடினார்கள். பந்தலுக்கு அடியில் திராட்சை அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள்.

அப்புறம் நான் எழுந்தேன். எந்திரிங்கடா என்று கத்தினேன். இது வரை உண்மை. எழுந்தது தவசியின் பேச்சைக் கேட்டு மனம் மாறியதால் இல்லை. கட்டெறும்பு வேட்டிக்குள் ஏறி, எழுத முடியாத இடத்தில் கடித்துவிட்டது. துள்ளி எழுந்தேன். எழுந்த பிறகு மறுபடியும் உட்கார வெட்கமாக இருந்தது. அந்தப் பெண்கள் வேறு சிரித்தார்கள். ஓடினேன்.

யாசின் கணக்குப்படி உட்கார்ந்திருந்தது இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. முதலில் வந்த அணி எங்களைவிட இரண்டு நிமிடம் பத்து விநாடிதான் முன்னால். அதாவது மூன்றாம் இடம் என்னால்தான் வந்தது. நான் இல்லாமல் வேறு யாராவது ஓடியிருந்தால் முதலிடம்.

சற்று முன்பு தவசி வழியனுப்ப வந்தான். இருமுடியோடு நிற்பவர் காலில் விழுவது வழக்கம் என்பதால் விழப் பார்த்தான். நான் தோளைப் பிடித்துத் தூக்கி, அந்த எறும்பு விஷயத்தை மட்டும் அவன் காதில் சொன்னேன்.

“தெரியும் சாமி,” என்றான். “எனக்குந்தான் கடிச்சுச்சு. நான் ஒக்காந்தது அதுங்க குழி மேலயே.”

அவன் அரைக்கால் சட்டைதான் போட்டிருந்தான். கெண்டைக்கால் இரண்டிலும் சிவப்புத் தடிப்பு இன்னும் வடியவில்லை. நான் எழுகிற வரைக்கும் அவன் எழவில்லை, அசையவும் இல்லை.

முதலில் எழுந்தவன் நான். இருபத்தொன்றாம் தேதிப் பக்கத்தில் அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அடித்துவிட்டேன். அடித்த பிறகு பார்த்தால், அந்த வரியைப் படிக்கத்தான் ரொம்பக் கூச்சமாக இருக்கிறது.